பட்டறைக்கு ஒரு எண்

தண்ணீர் வடிந்து பதினோரு நாள் ஆகியும் பலகை காயவில்லை. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆணி இறங்கினால் உள்ளேயிருந்து கசியும். பெட்டிக்காரர் ஒரு பலகையை எடுத்துக் காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். காய்ந்த பலகை என்றால் கணீரென்று பேசும். இது நெஞ்சுச் சளி பிடித்தவன் மாதிரி அமுங்கிப் பேசியது. வெயிலில் அடுக்கியிருந்த குவியல் மேலேயே அதைத் திருப்பிப் போட்டார்.

பழப் பெட்டி அடிக்கிற பட்டறை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு அறுப்பு மெஷின், ஆணித் துப்பாக்கிக்குக் காற்று ஏற்ற ஒரு கம்ப்ரஸர், இரண்டு மேசை. அதில் மூன்று பேர் பிழைத்தார்கள். அவர், அவர் சம்சாரம், மருமகள். மகன் இருந்தவரைக்கும் நாலு பேர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெட்டி ஏற்றிக்கொண்டு போன வண்டி கவிழ்ந்ததில் அவன் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் காரியம் முடிந்த மறுவாரமே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அறுப்பு மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வெள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறி ஒன்றரை நாள் நின்றது. மெஷினின் மோட்டாருக்குள் சேறு போய்ச் சுருள் எரிந்துவிட்டது. கம்ப்ரஸர் உருண்டு வந்து கதவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. இன்னும் மூன்று வாரத்தில் பழம் இறங்கும். பழக் கிடங்குக்காரர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார். பருவம் தொடங்குகிற அன்றைக்கு முதல் லோடு பெட்டி வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பழம் யாருக்காகவும் காத்திருக்காது, அழுகிவிடும்.

கையால் அறுக்கலாம் என்று பெட்டிக்காரர் ரம்பத்தை எடுத்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை அறுத்தும் பதினாலு பெட்டிக்குத்தான் பலகை தேறியது. கிடங்குக்கு ஒரு லோடு என்றால் அறுநூறு பெட்டி. அவர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை மருமகள் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள்.

அடுத்த கொட்டகை வெல்டருடையது. எல்லாச் சேதியும் அவன் வாய் வழியாகத்தான் அந்தத் தெருவுக்கு வரும். வெள்ளத்தில் மெஷின் போன சின்னப் பட்டறைகளுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது, புது மெஷினே வாங்கிவிடலாம், கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றான். தான் திங்கட்கிழமையே எழுதிப் போட்டுவிட்டதாகவும் சொன்னான். பிறகு பெட்டிக்காரரைப் பார்த்து இளித்தான்.

"ஆனா அண்ணே, அதுக்கு வரி எண் வேணும். நீங்கதான் பெட்டியில ஒரு முத்திரைகூடப் போடாத ஆளாச்சே. உங்களுக்கு எங்க எண்ணு தருவான்."

அவன் சொன்னது உண்மைதான். மற்றப் பட்டறைக்காரர்கள் பெட்டியின் தலைப்பலகையில் காய்ச்சின இரும்பால் தங்கள் பெயரைச் சுட்டுவிடுவார்கள். இவர் பெட்டி மொட்டையாக இருக்கும். பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ரசீதுப் புத்தகம் கிடையாது. ஆணி வரிசையைப் பார்த்தே இது யார் பெட்டி என்று சொல்லிவிடுவார்கள், அது போதும் என்பது அவர் கணக்கு.

மத்தியானம் ரொட்டியும் வெங்காயம் போட்டு வதக்கிய முட்டையும் சாப்பிடும்போது மருமகள் பேச்சை எடுத்தாள். எண்ணுக்குக் காசு கிடையாதாம், அலுவலகத்தில் போய் நின்றால் அன்றைக்கே தந்துவிடுவார்களாம், எண் இல்லாமல் மானிய மனுவை வாங்கவே மாட்டார்களாம். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். சும்மா எண் தருகிறவன் எதற்குத் தருகிறான் என்றார். மாட்டுக்குக் காதில் எதற்கு எண் குத்துகிறார்கள், அதற்குத் தீனி போடவா என்றார். சம்சாரம் சிரிக்கவில்லை. முப்பத்தேழு வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டவள் அவள்.

அவர் பேச்சுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அவருக்கு ஒன்பது வயதில் ஒரு சாயங்காலம் நாலு பேர் ஒரு தாளோடு வந்து வாசலில் நின்றார்கள். தாளில் இருந்த பெயரை ஒருவன் வாசித்தான். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே நான்தான் என்று முன்னால் போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. என்ன குற்றம் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் தேடித்தான் வந்தார்கள். அவர் பெயரைத் தாளில் யாரோ மாற்றி எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார், போய்விட்டார்கள். அந்த மனுஷன் எண்பத்திரண்டு வயது வரை இருந்து, வெயிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுச் செத்தார். ஒன்பது வயதுப் பையன் அதைப் பார்த்து ஒரு பாடம் படித்தான். படித்த ஒரே பாடம் அதுதான்.

புதன்கிழமை போனார்கள். அவர் சரி என்று சொல்லிப் போகவில்லை. ராத்திரி அவரால் கை தூக்க முடியாமல் சம்சாரம்தான் சட்டை மாட்டிவிட்டாள், காலையில் மருமகள் பையோடு வாசலில் நின்றாள், அவர் பின்னால் நடந்தார்.

வரி அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பாதிக்கு மேல் வெள்ளத்துக்காரர்கள். உட்கார்ந்தவர்கள் கால் விரலிடுக்கில் இன்னும் சேறு இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். குரலில் கடுப்பும் இல்லை, கொஞ்சலும் இல்லை. இவர்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு.

பட்டறை இருக்கிற இடத்துக்குத் தாள்கள் கேட்டாள். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். மின்சாரச் சீட்டு, தண்ணீர்ச் சீட்டு, நில வரிச் சீட்டு. அந்த அம்மா மூன்றையும் பரப்பிவைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பார்த்தாள். பிறகு மறுபடி பார்த்தாள்.

"ஐயா, உங்க வீட்டுல ஆம்பளைங்க எத்தன பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"இதுல மூணு பேரு இருக்காங்களே."

மூன்று சீட்டில் மூன்று பெயர். வயதும் அப்படியே. மின்சாரக்காரர்கள் கணக்கில் அவருக்கு ஐம்பத்தெட்டு, தண்ணீர்க்காரர்கள் கணக்கில் எழுபத்தொன்று. வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். அவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஒரு ஆபீஸ்காரன் கையில் இருக்கிற பெயரை வைத்து இன்னொரு ஆபீஸ்காரன் தன்னைப் பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கொடுத்து வைத்திருந்தார். முப்பத்தோரு வருஷம் அது வேலை செய்தது. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. இப்போது அவரே தன்னைப் பிடிக்க வந்திருந்தார், கிடைக்கவில்லை.

அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். மானியம் வெள்ளத்துக்கு முன்னாலேயே நடந்த தொழிலுக்குத்தான். தொழில் நடந்தது என்பதற்கு ஏதாவது ஒரு தாள் வேண்டும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர் பெயரில்தான் எண். முப்பத்தோரு வருஷமாகப் பெட்டி அடிக்கிறேன் என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். இடது கைக் கட்டைவிரல் நகம் மூன்று தடவை போய் முளைத்த நகம். அவள் பார்த்தாள். கையைத் தாளில் ஒட்ட முடியாது என்று அவள் சொல்லவில்லை. மூன்று சீட்டையும் அடுக்கி அவர் பக்கம் தள்ளினாள்.

அப்போதுதான் மருமகள் பைக்குள்ளிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தாள். கிடங்கு வாசல் சீட்டுகள். ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் காவல்காரன் கிழித்துத் தருவது. தேதி, பெட்டி எண்ணிக்கை, கொண்டுவந்தவர் பெயர். மூன்று வருஷத்துச் சீட்டு, ஈரம் படாமல் இரட்டைப் பிளாஸ்டிக் பையில். வெள்ளம் ஏறும்போது அவள் நகைப்பெட்டியைத் தேடாமல் பரணில் ஏறியது எதற்கு என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவர் மேலே இருந்த சீட்டை எடுத்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் மருமகள் பெயர். அடுத்ததை எடுத்தார். அதிலும் அவள் பெயர். நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

"அப்ப தொழில் இவங்களோடதுங்க" என்றாள் அந்த அம்மா. "தாள்ல அப்படித்தான் இருக்கு. இவங்க பேர்ல இன்னைக்கே எண் போட்டுடலாம். ஆனா இடம் உங்க கையில இருக்குறதால நீங்க சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுலயே இந்த மூணு பேரும் ஒரே ஆளுதான், சரியான பேர் இதுன்னு சொல்லணும். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் இருப்பேன், மானிய மனுவையும் இங்கயே வாங்கிக்குவேன்."

அவர் சீட்டைக் கட்டோடு வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தார்கள். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மகன் போய் நாற்பதாவது நாளோ என்னவோ, கிடங்கில் இனிமேல் யார் பெயரில் சீட்டுப் போடுவது என்று கேட்கிறார்கள் என்று இவள் வந்து நின்றாள். அவர் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. எவன் பேரையாவது போட்டுத் தொலை, என்னை எதிலயும் இழுக்காதே என்றார். அவள் வேறு எவன் பெயரைப் போடுவாள். கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திருடியிருந்தால் திட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை பகல் முழுக்க அவர் பலகை திருப்பினார். வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனால் காற்றில் ஈரம். தகரத்தின் கீழே நின்றால் வேகவைத்த மாதிரி இருந்தது. மருமகள் ஒரு மூலையில் உட்கார்ந்து, சேற்றில் கிடந்த ஆணிகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். துரு ஏறியது ஒரு பக்கம், தேறுவது ஒரு பக்கம். வெல்டர் எட்டிப் பார்த்து, என்ன அண்ணே, எண் கிடைச்சுதா என்றான். உன் வேலையப் பாருடா, கண்ணு பொசுங்கிடப் போகுது என்றார் அவர்.

உள்ளுக்குள் ஓடியது வேறு. வெள்ளத்துக்குப் பிறகு மருமகளின் அண்ணன் இரண்டு தடவை வந்து போயிருந்தான். வாசலிலேயே நின்று அவளிடம் குசுகுசுவென்று பேசினான். அவளுக்கு முப்பத்தொன்றுதான் ஆகிறது. எங்கேயோ ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பான். எண் அவள் பெயரில், மானியம் அவள் பெயரில், மெஷின் அவள் பெயரில். ஒரு நாள் காலையில் ஒரு லாரியைக் கொண்டுவந்து மெஷினைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் யாரிடம் போய் நிற்பது. நான் மூன்று ஆள், மூன்று ஆளும் ஏமாந்துவிட்டோம் என்றா சொல்வது.

சாயங்காலம் கேட்டே விட்டார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது அவருக்கு.

"நாளைக்கு நீ இன்னொருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா, நாங்க ரெண்டு பேரும் எங்க போறது?"

ஆணி கழுவின கையை அவள் துடைத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"அண்ணன் அதுக்குத்தான் வந்துச்சு மாமா. ஒரு இடம் இருக்கு, வான்னு கூப்பிட்டுச்சு. இப்ப இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"இப்ப இல்ல. அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாது."

"போகமாட்டேன்னு எழுதித் தருவியா?"

"தர மாட்டேன். போகணும்னு இருந்தா அப்பவே போயிருப்பேன். இருக்கேன். அத எழுதி வேற குடுக்கணுமா?" அவள் ஆணித் துணியைச் சுருட்டினாள். "நீங்க கையெழுத்துப் போடலைன்னாலும் நான் உங்களத் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா கையால அறுத்து அறுநூறு பெட்டி ஆகாது மாமா. உங்க தோளும் ஆகாது."

இவ்வளவும் சம்சாரத்தின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் தேநீர் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"நான் ஒண்ணு கேக்குறேன். முப்பத்தோரு வருஷம் நானும் ஆணி அடிச்சேன். உங்களுக்காவது மூணு பேப்பர்ல மூணு பேரு இருக்கு. எனக்கு எதுலயாவது ஒண்ணு இருக்கா? என்னைக்காவது நீங்க எங்கயாவது ஓடிப்போயிட்டா நான் எங்க நிக்கிறதுன்னு கேட்டிருக்கேனா உங்கள?"

அவர் தேநீரை ஆறிப்போன பிறகுதான் குடித்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவும் சத்தமும், வெளியே வெயில் தாழ்ந்ததும் பலகைகள் விரிசல் விடுகிற சத்தமும்தான் அதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்டன.

வெள்ளிக்கிழமை காலை அவர் சவரம் பண்ணிக்கொண்டார். மகன் சாவுக்குப் பிறகு கண்ணாடி பார்த்துச் செய்த சவரம் அது ஒன்றுதான். சலவைச் சட்டை போட்டார். இரும்புப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மருமகளிடம் வாம்மா என்று மட்டும் சொன்னார். அவள் கட்டோடு கிளம்பினாள். சம்சாரம் வாசல் வரை வந்தாள்.

அலுவலகத்தில் புதன்கிழமையைவிடக் கூட்டம். கடைசி நாள் என்றால் அப்படித்தானே. மூன்று மணி தாண்டித்தான் முறை வந்தது. கண்ணாடி போட்ட அம்மா இவர்களை ஞாபகம் வைத்திருந்தாள். சம்மதத் தாளை எடுத்துத் தடுப்புக்குக் கீழே தள்ளினாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது.

"பெரியவரே, உயில் எழுதுறீங்களா?" என்றான் ஒருவன்.

"அதவிடப் பெருசு. நில்லு" என்றார் திரும்பாமல்.

படித்து முடித்ததும் அந்த அம்மாவைப் பார்த்தார்.

"இந்தத் தாளு எங்க போகும்?"

"இங்கதான் இருக்கும் ஐயா. கம்ப்யூட்டர்லயும் ஏத்திடுவேன்."

"வேற யாரு யாரு பாப்பாங்க?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்குறேன். மானிய ஆபீஸ்ல பாப்பாங்க. அதுக்கு மேல யாரு பாக்குறாங்கன்னு எனக்கு நிஜமா தெரியாது."

யாரும் பார்க்க மாட்டார்கள், நீங்கள் பயப்படாதீர்கள் என்று அவள் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். அப்படிச் சொல்கிற வாய்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தெரியாது என்று வீட்டில் ஒருத்தி நேற்று சொன்னாள், தெரியாது என்று ஒருத்தி இன்றைக்குச் சொல்கிறாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதுங்க."

முதலில் எண்ணுக்கான படிவம். உரிமையாளர் என்ற கட்டத்தில் மருமகள் பெயர் ஏறியது. தொழில், பழப் பெட்டி செய்தல். எப்போதிருந்து என்று கேட்டாள், முதல் சீட்டில் இருந்த தேதியை மருமகள் சொன்னாள். அதற்கு முன்னால் இருந்த இருபத்தெட்டு வருஷம் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

"வேலையாளுங்க எத்தன பேரு?"

மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகள் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வாள். பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். இல்லை என்று போட்டுவிடலாமா என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏன் இல்ல?" என்றார் அவர். "ரெண்டு பேரு. போடுங்கம்மா."

"மாமா..."

"நீ சும்மா இரு. உண்மையத்தான சொல்றேன். ரெண்டு பேரு. ஒண்ணு எங்க வீட்டுக்காரி. முப்பத்தோரு வருஷமா ஆணி அடிக்கிறா. இன்னொண்ணு நான்."

சம்சாரத்தின் பெயரைச் சொன்னார். அந்த அம்மா திரும்பச் சொல்லித் தட்டினாள். பெரிய சத்தமில்லை, ஏழெட்டு எழுத்து. அவ்வளவில் அது முடிந்தது.

"உங்க பேரு? இந்த மூணுல எத வச்சுக்கட்டும்?"

"மூணும் இல்ல."

மருமகள் நிமிர்ந்தாள். அவர் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துத் தடுப்புக்குக் கீழே நீட்டினார். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு. அவர் அம்மா வைத்திருந்தது. அந்த அம்மா அதைப் பக்குவமாகப் பிரித்து விளக்குக்கு நேரே பிடித்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் மை போயிருந்தது. அப்பா பெயர் தெரிந்தது, தேதி தெரிந்தது.

"பேரு இருக்குற இடம் அழிஞ்சிருக்குங்க. நீங்களே வாயால சொல்லிடுங்க, நான் போட்டுக்குறேன்."

அவர் சொன்னார். அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷத்தில் மருமகள் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

பின்னால் யாரோ ஒருவன் போனில் கத்திக்கொண்டிருந்தான். அந்த அம்மா காதைக் காட்டினாள்.

"கேக்கலைங்க. இன்னொரு தடவ."

பெட்டிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தோள் வலித்தது, தடுப்பில் கை ஊன்றிக்கொண்டார். கண்ணாடியில் போட்டிருந்த ஓட்டைக்கு நேரே குனிந்து, வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, தன் பெயரைச் சொன்னார்.